இந்தப் பழைய புயலுக்கு தனிக் கட்டுரை வேணுமா?

விக்கிப்பீடியால புயல் கட்டுரைகள் பக்கம் கொஞ்ச நாள் சுத்தினீங்கன்னா ஒரு சண்டை அடிக்கடி கண்ணுல படும். அறுபது வருஷத்துக்கு முன்னாடியோ நூறு வருஷத்துக்கு முன்னாடியோ அட்லாண்டிக்ல அடிச்ச ஏதோ ஒரு ஹரிக்கேனுக்கு (அங்க பலமான புயலுக்கு அதுதான் பேர்) யாராவது தனிக் கட்டுரை ஆரம்பிச்சிருப்பாங்க, இன்னொருத்தர் வந்து "இதை அந்த வருஷத்துப் புயல் எல்லாத்தையும் ஒண்ணா சொல்ற சீசன் கட்டுரையிலயே சேர்த்துடலாமே, தனியா எதுக்கு"ன்னு கேப்பார், உடனே மூணாவது ஆள் "கேட்டகரி 4 புயலுங்க, இதுக்கே இல்லைன்னா வேற எதுக்குத்தான் கட்டுரை"ன்னு கிளம்பிடுவார். எனக்கு அந்த மூணாவது ஆள்கிட்டதான் பேசணும். கேட்டகரின்னா காத்தோட வேகத்தை வெச்சு ஹரிக்கேனுக்கு 1-ல இருந்து 5 வரைக்கும் போடுற தரம், 5தான் உச்சம். அதை வெச்சு முடிவு பண்றது ரொம்ப சுலபம், ஒரே ஒரு நம்பர், அதனாலயே எல்லாரும் அதைத் தூக்கிட்டு வர்றாங்க, ஆனா பழைய புயல்னு வந்துட்டா அந்த நம்பர் அளவுக்கு ஆளை ஏமாத்துறது வேற எதுவும் கிடையாது.

1935-ஐ எடுத்துக்குவோம். செப்டம்பர் 2-ம் தேதி ஃபுளோரிடா கீஸ் தீவுகள்ல லேபர் டே ஹரிக்கேன் கரையேறுச்சு. காத்தழுத்தம் 892 மில்லிபார் (இது குறையக் குறைய புயலுக்கு பலம் ஜாஸ்தி), காத்து மணிக்கு 295 கிலோமீட்டர், அமெரிக்கால கரையேறின ஹரிக்கேன்கள்ல இன்னைக்கு வரைக்கும் இதுதான் பலமானது. முதல் உலகப் போர்ல சண்டை போட்டுட்டு வந்து, பொழைப்பு இல்லாம அங்க ரோடு போடுற முகாம்கள்ல தங்கியிருந்த பழைய சிப்பாய்ங்க நிறைய பேர் செத்துப் போனாங்க, அவங்களைக் காப்பாத்திக் கூட்டிட்டு வர அனுப்பின ரயிலையே கடல் தண்டவாளத்துல இருந்து தள்ளிருச்சு, மொத்த சாவு 400-க்கு மேல. கீ வெஸ்ட் வரைக்கும் கடல் மேல போன அந்த ரயில் பாதையை அதுக்கப்புறம் யாரும் திரும்பக் கட்டல, அந்தத் தடத்துலதான் இப்போ ஹைவே போகுது. இதுக்குத் தனிக் கட்டுரை வேணுமான்னு யாரும் வாயைத் திறக்க மாட்டாங்க.

அதே வருஷம் அக்டோபர்ல கரீபியன்ல இன்னொண்ணு வந்துச்சு. உச்சத்துல இருந்தப்பவே அது கேட்டகரி 1 தான். ஆனா ஹைட்டியோட தென்மேற்கு தீபகற்பத்துல ஜெரமி பக்கமெல்லாம் மழை கொட்டித் தீர்த்து, ஆறுங்க கரை உடைச்சு, 2,000 பேருக்கு மேல செத்தாங்க. ஜமேக்கா, கியூபாவையும் தொட்டுச்சு, அப்புறம் ஹோண்டுராஸ் பக்கம் போய் அங்கயும் வெள்ளம். அதாவது உலகமே ஞாபகம் வெச்சிருக்கிற அந்த கேட்டகரி 5 லேபர் டே புயலை விட நாலஞ்சு மடங்கு உயிரை எடுத்த புயல், கேட்டகரி பட்டியல்ல கடைசி வரிசையில உக்காந்திருக்கு. கேட்டகரி போடுற சாஃபிர்-சிம்ப்சன் அளவுகோல் காத்தோட வேகத்தை மட்டும்தான் அளக்குது, மழையை அளக்காது, மலைச்சரிவுல காடு அழிஞ்சிருக்கான்னு பாக்காது, ராத்திரி எத்தனை மணிக்கு வந்துச்சுன்னும் அதுக்குத் தெரியாது. போதாக்குறைக்கு அந்த அளவுகோலே 1970-கள்லதான் புழக்கத்துக்கு வந்துச்சு, அதுக்கு முந்தின புயல் எல்லாத்துக்கும் கேட்டகரி போட்டது பிற்பாடு உக்காந்து கணக்குப் பண்ணினவங்கதான்.

சரி, அப்போ எதை வெச்சு முடிவு பண்றது? விக்கிப்பீடியாவோட பொது விதி சுருக்கமானது. ஒரு விஷயத்தைப் பத்தி அதுக்கு சம்பந்தமில்லாத, நம்பத்தகுந்த ஆளுங்க போதுமான அளவுக்கு விரிவா எழுதியிருந்தா அதுக்குக் கட்டுரை வெக்கலாம். குறிப்பிடத்தக்கமைன்னு அங்க சொல்றது இதைத்தான். புயல் முக்கியமானதா இல்லையான்னு நாம தீர்ப்பு சொல்ற வேலையே இல்ல, வேற யாராவது அதை முக்கியம்னு நினைச்சு எழுதி வெச்சிருக்காங்களான்னு தேடிப் பாக்குறதுதான் வேலை. கேக்க சாதாரணமா இருக்கும், ஆனா புயல் விஷயத்துல இது வழுக்குற இடம், ஏன்னா எல்லாப் புயலைப் பத்தியும் ஏதோ ஒண்ணு எழுதித்தான் இருக்கு. மியாமில இருக்கிற அமெரிக்காவோட நேஷனல் ஹரிக்கேன் சென்டர் இப்பல்லாம் ஒவ்வொரு புயலுக்கும் சீசன் முடிஞ்சதும் ஒரு அறிக்கை போட்டுருது, அது கடல் நடுவுல ரெண்டு நாள் சுத்திட்டு செத்துப் போன புயலா இருந்தாலும் சரி. அதுக்கு முந்தின காலத்துக்கு வருஷாந்திர சுருக்கம் வானிலை ஜர்னல்கள்ல இருக்கு. 1851-ல இருந்து ஒவ்வொரு அட்லாண்டிக் புயலும் ஆறு மணி நேரத்துக்கு ஒருதரம் எங்க இருந்துச்சு, காத்து எவ்வளவுன்னு ஹர்டாட்ங்கிற டேட்டாபேஸ்ல ஏத்தி வெச்சிருக்காங்க. இதெல்லாம் பிறப்புச் சான்றிதழ் மாதிரிங்க. சான்றிதழ் இருக்குங்கிறதுக்காக ஊர்ல எல்லாருக்கும் வாழ்க்கை வரலாறு எழுத உக்காருவோமா?

அப்படி உக்காந்து எழுதின கட்டுரைகள் நிறைய இருக்கு, படிச்சா உடனே தெரிஞ்சிரும். ஆப்பிரிக்கக் கரையில இருந்து ஒரு அலை கிளம்புச்சு, இத்தனாம் தேதி தாழ்வு மண்டலம் ஆச்சு, மேற்கு-வடமேற்கா நகர்ந்துச்சு, காத்து வெட்டு அதிகமானதால பலம் குறைஞ்சுச்சு, குளிர்ந்த தண்ணி மேல போய் வெப்ப மண்டலத் தன்மையை இழந்துச்சு. இப்படி நாலு பத்தி. அப்புறம் தாக்கம்னு ஒரு தலைப்பு போட்டு "சேதம் எதுவும் பதிவாகவில்லை"ன்னு ஒரே வரி. அந்த நாலு பத்தியும் டேட்டாபேஸ்ல இருக்கிற நம்பர்களை வாக்கியமா மாத்தினது, வேற ஒண்ணும் இல்ல. சீசன் கட்டுரையில அந்தப் புயலுக்கு ஒரு பத்தி இருக்கு, படம் இருக்கு, பாதை மேப் இருக்கு, படிக்கிறவருக்கு அதுக்கு மேல என்ன வேணும்? இந்த மாதிரி கட்டுரையை மெர்ஜ் பண்ணலாம், அதாவது சீசன் கட்டுரையோட சேர்த்துடலாம்னு சொன்னா எழுதினவங்களுக்குக் கோவம் வருது, அது நியாயமான கோவம்தான், ராத்திரி முழிச்சு எழுதியிருப்பாங்க. ஆனா மெர்ஜ்ங்கிறது அழிக்கிறது கிடையாது. பழைய தலைப்பு வழிமாற்றா நிக்கும், அதாவது அதைத் தேடி வர்றவங்களை சீசன் கட்டுரைக்கு அனுப்பி வெக்கும், எழுதினது எல்லாம் பக்க வரலாற்றுல அப்படியே கிடக்கும், நாளைக்கு ஏதாவது நல்ல சோர்ஸ் கிடைச்சா ரெண்டு நிமிஷத்துல திரும்ப எழுப்பிடலாம்.

இதை வெச்சு கடல்லயே முடிஞ்சு போன புயல் எல்லாம் வேஸ்ட்னு நினைச்சுடக் கூடாது. 1969-ல டெபின்னு ஒரு ஹரிக்கேன், கரைக்கே வரல. ஆனா அமெரிக்க அரசாங்கம் ஸ்டார்ம்ஃப்யூரின்னு ஒரு திட்டம் வெச்சிருந்துச்சு, புயலோட மேகத்துக்குள்ள சில்வர் அயோடைடு தூவி அதோட பலத்தைக் குறைக்க முடியுமான்னு பாக்குற திட்டம், அதுக்கு ஆகஸ்ட் 18-ம் தேதியும் 20-ம் தேதியும் சிக்கினது இந்த டெபிதான். முதல் நாள் காத்து 31 சதவீதம் குறைஞ்சுச்சுன்னு சொன்னதும் விஞ்ஞானிகளுக்குத் தலைகால் புரியல. வருஷக்கணக்கா அதைப் பத்தி கட்டுரை எழுதினாங்க, அப்புறம் புயல்ங்க தானாவே கண் சுவரை (புயலோட நடுவுல இருக்கிற கண்ணைச் சுத்தின மேக வளையம்) மாத்திக்கிட்டு இப்படி ஏறி இறங்கும்னு கண்டுபிடிச்சு அந்த நம்பிக்கையே காத்துல போச்சு, 1983-ல திட்டத்தையே மூடிட்டாங்க. ஒரு வீட்டுக் கூரையைக் கூட தூக்காத புயல், ஆனா அதைப் பத்தி எழுத பக்கம் பக்கமா விஷயம் இருக்கு. 

இதுக்கு முன்னோடி ஒண்ணு 1947-ல நடந்துச்சு, அது இன்னும் சுவாரசியம். ஃபுளோரிடாவைக் கடந்து அட்லாண்டிக்குக்குள்ள போயிட்டு இருந்த ஒரு புயல்ல அக்டோபர் 13-ம் தேதி ராணுவமும் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியும் சேர்ந்து உலர் பனிக்கட்டியைக் கொண்டு போய் கொட்டினாங்க. புயல் சட்டுனு திரும்பி ஜார்ஜியால சவானா பக்கம் வந்து அடிச்சிருச்சு. அதுக்கு முன்னாடியே அது திரும்ப ஆரம்பிச்சிருச்சுன்னு பின்னாடி ஆராய்ச்சியில சொன்னாங்க, ஆனா அன்னைக்கு ஜனங்க கேப்பாங்களா, கேஸ் போடுவோம்னு கிளம்பிட்டாங்க. இந்தப் புயலோட கேட்டகரி என்னன்னு எனக்கு ஞாபகம் வெச்சுக்கத் தோணினதே இல்ல.

1943 ஜூலைல டெக்சாஸ்ல ஹூஸ்டன் பக்கம் அடிச்சதும் இதே ரகம்தான். போர்க்காலம், கப்பல்ங்க ரேடியோல வாயைத் திறக்கக் கூடாது, வானிலைச் செய்திக்கு சென்சார், ஜெர்மன் நீர்மூழ்கிக்குத் தகவல் போயிடும்னு பயம். அதனால புயல் வர்றது ஜனங்களுக்கு சரியாத் தெரியவே இல்ல, 19 பேர் செத்தாங்க, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள்ல அடி. அதே புயலுக்குள்ளதான் ஜூலை 27-ம் தேதி ஜோசப் டக்வொர்த்ங்கிற ராணுவ விமானி ஒரு சின்ன பயிற்சி விமானத்தை வேணும்னே ஓட்டிட்டுப் போய் கண்ணு வரைக்கும் பாத்துட்டு வந்தார், கூட ரால்ஃப் ஓஹேர்னு ஒரு நேவிகேட்டர். ஹரிக்கேனுக்குள்ள வேணும்னே விமானத்துல போனது அதுதான் முதல் தடவை, இன்னைக்கு புயலுக்குள்ள பறந்து அளவெடுக்கிற ஹரிக்கேன் ஹன்ட்டர் விமானங்கள் எல்லாம் அங்க இருந்துதான் தொடங்குது. சாவு 19-ங்கிறதை மட்டும் பாத்து "சின்னப் புயல், மெர்ஜ்"னு ஓட்டுப் போட்டா எப்படி இருக்கும்?

சாதனைப் பட்டியல் பத்தியும் சொல்லிடறேன், எனக்கு ரொம்ப நாள் எரிச்சல் இது. "இந்த மாசத்துல, இந்த தீர்க்கரேகைக்குக் கிழக்க, இவ்வளவு சீக்கிரம் உருவான ரெண்டாவது புயல்"னு எழுதி, அதனால இது குறிப்பிடத்தக்கதுன்னு வாதாடுவாங்க. மாசத்தையும் இடத்தையும் இப்படி நறுக்கிட்டே போனா எந்தப் புயலுக்கும் ஒரு சாதனை வந்துரும். நிஜமான சாதனைன்னா அதைப் பத்தி மத்தவங்க பேசியிருப்பாங்க. 2005-ல வின்ஸ்னு ஒரு புயல் மதெய்ரா தீவு பக்கத்துல உருவாகி, பலமெல்லாம் போய் வெறும் தாழ்வு மண்டலமா ஸ்பெயின்ல கரையேறுச்சு, ஐபீரிய தீபகற்பத்துல அப்படி வெப்ப மண்டலப் புயலா ஒண்ணு கரையேறினதாத் தெரிஞ்சது அதுதான் முதல்னு சொன்னாங்க. சேதம்னு பெரிசா ஒண்ணும் இல்ல, ஆனா வானிலைக்காரங்களே வாயைப் பிளந்த விஷயம், அதுக்கு இருக்கட்டும்னு சொல்லுவேன். அதே 2005-ல அசோர்ஸ் தீவு பக்கத்துல பேரே வெக்காம விட்டுப் போன ஒரு புயலை சீசன் முடிஞ்சப்புறம் டேட்டாவைத் திரும்பப் பாக்கும்போது கண்டுபிடிச்சாங்க, அதுக்கும் தனிக் கட்டுரை இருக்கு, நல்லாவும் எழுதியிருக்காங்க, ஆனா என்னைக் கேட்டா அது சீசன் கட்டுரையில ஒரு பத்திக்கு மேல தாங்காது. இதுல என்னோட சண்டை போட ஆள் இருக்காங்கன்னு தெரியும்.

இன்னொரு குறுக்குவழி, பேரை ஓய்வு குடுத்த பட்டியல். பெரிய அழிவை உண்டாக்கின புயலோட பேரை உலக வானிலை அமைப்போட அந்தப் பகுதிக் கமிட்டி பட்டியல்ல இருந்து எடுத்துரும், மத்த பேரெல்லாம் ஆறு வருஷத்துக்கு ஒருதரம் சுத்தி வரும். ஓய்வு குடுத்த பேர்னா கட்டுரை கண்டிப்பா உண்டு, அதுல சந்தேகம் இல்ல. 2001-ல ஆலிசன் கடைசி வரைக்கும் ஹரிக்கேனாவே ஆகல, வெறும் ட்ராபிகல் ஸ்டார்ம், ஆனா ஹூஸ்டனை முக்கி எடுத்து, டெக்சாஸ் மெடிக்கல் சென்டர் ஆஸ்பத்திரிகளுக்குள்ளயே வெள்ளம் பூந்து, பேருக்கு ஓய்வு குடுத்தாங்க. கட்டுரை வேணுமாங்கிற கேள்விக்கே அங்க இடம் இல்ல. ஆனா இந்தப் பட்டியலைத் திருப்பிப் போட்டு, ஓய்வு குடுக்காததெல்லாம் சின்னப் புயல்னு சொன்னீங்கன்னா 1994-ல வந்த கோர்டன்ல போய் முட்டிக்குவீங்க. ஹைட்டியில மட்டும் 1,100 பேருக்கு மேல செத்தாங்க, பேருக்கு ஓய்வு குடுக்கல, 2000-த்துல அதே கோர்டன்ங்கிற பேர் திரும்ப வந்துச்சு, இப்பவும் சுத்திட்டுதான் இருக்கு. பேரை எடுக்கணும்னா யாராவது கேக்கணும், கமிட்டி ஒத்துக்கணும், அது நாடுகளுக்கு நடுவுல நடக்கிற ஒரு நடைமுறை, அவ்வளவுதான். அதுவும் இல்லாம, அட்லாண்டிக்ல பேர் வெக்கிற பழக்கம் முறையா ஆரம்பிச்சதே 1950-லதான், பெண்கள் பேர் 1953-ல, ஆண்கள் பேர் 1979-ல. அதுக்கு முந்தின நூத்துக்கணக்கான புயல்களுக்கு இந்தப் பட்டியல் எந்த உதவியும் பண்ணாது.

ரெண்டு தடவை ஹைட்டி வந்துருச்சு பாருங்க, அது தற்செயல் இல்ல. பழைய புயல்களுக்குக் கட்டுரை முடிவு பண்றதுல எனக்குப் பெரிய பிரச்சனையாத் தெரியுறது இதுதான். அமெரிக்காவோட பழைய நாளிதழ்கள் எக்கச்சக்கமா டிஜிட்டல் ஆயிருச்சு, லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்துல போய் ஊர் பேரையும் தேதியையும் போட்டா வட கரோலினால ஒரு மீன்பிடி ஊர்ல படகுத்துறை உடைஞ்சதுல இருந்து எல்லாம் வந்து விழும். அதனால மூணு மரமும் ஒரு கொட்டகையும் சாஞ்ச புயலுக்கு அழகா பன்னெண்டு மேற்கோளோட கட்டுரை நிக்குது. அந்தப் பக்கம் ஹைட்டியிலயோ ஹோண்டுராஸ்லயோ டொமினிக்கன் குடியரசுலயோ ஆயிரக்கணக்குல செத்த புயலுக்கு, அமெரிக்கப் பேப்பர்ல உள்பக்கத்துல வந்த ஏஜென்சி செய்தி ரெண்டு வரி. ஆங்கிலத்துல மட்டும் தேடிட்டு "போதுமான சோர்ஸ் இல்ல, மெர்ஜ்"னு சொல்றவங்க விதிப்படி சரியாத்தான் சொல்றதா நினைச்சுக்கிறாங்க, ஆனா விதி கேக்குறது சோர்ஸ் இருக்கான்னு, உங்க தேடல்ல முதல் பக்கத்துல வந்துச்சான்னு கேக்கல. எந்த மொழியில இருந்தாலும், ஆன்லைன்ல இல்லாம நூலக அலமாரியில இருந்தாலும் அது சோர்ஸ்தான்.

அதனால புயல் எங்க அடிச்சுதோ அங்க தேடணும், அந்த ஊர்க்காரங்க அதை என்னன்னு கூப்பிட்டாங்களோ அப்படித் தேடணும். புயேர்ட்டோ ரிக்கோல புயல் வந்த நாள் எந்தப் புனிதரோட நாளோ அந்தப் பேரை வெச்சுருவாங்க. 1928-ல ஃபுளோரிடால ஒக்கீச்சோபி ஏரிக்கரையை உடைச்சு குறைஞ்சது 2,500 பேரைக் கொன்ன அதே ஹரிக்கேன், அதுக்கு முன்னாடி புயேர்ட்டோ ரிக்கோல சான் ஃபெலிப்பே செகுண்டோங்கிற பேர்ல அடிச்சது, அதுக்கும் முன்னாடி குவாடலூப்ல ஆயிரம் பேருக்கு மேல கொன்னுட்டுத்தான் வந்துச்சு. ஒக்கீச்சோபின்னு மட்டும் போட்டுத் தேடினா கதையில பாதிகூட வராது. கியூபாவை எடுத்துக்கிட்டா இன்னும் சுவாரசியம், ஹவானால பெலேன் கல்லூரி ஆய்வகத்துல இயேசு சபைப் பாதிரியார் பெனிட்டோ வீஞெஸ் 1870-கள்லயே ஹரிக்கேன் முன்னறிவிப்பு குடுத்துட்டு இருந்தார், மேகத்தைப் பாத்தே சொல்லுவார். 1900-ல டெக்சாஸ்ல கால்வெஸ்டன் ஊரையே அடிச்சுட்டுப் போன புயலைப் பத்தியும் கியூபாக்காரங்க சரியாத்தான் கணிச்சாங்க, ஆனா அமெரிக்க வானிலைத் துறை கியூபால இருந்து தந்தியில ஹரிக்கேன் தகவல் வர்றதையே அந்தச் சமயத்துல தடுத்து வெச்சிருந்துச்சு. குறைஞ்சது 6,000 பேர் செத்தாங்க, சிலர் கணக்குல 12,000 வரைக்கும் போகுது. அப்படிக் கணிச்ச கியூபாக்காரங்க எழுதி வெச்சதைத் தேடாம கியூபா புயலுக்கு சோர்ஸ் இல்லைன்னு சொல்றது எந்த ஊர் நியாயம்.

இந்த வேலையை உண்மையிலயே பண்ணின ஒரு ஆளைச் சொல்லணும், ஹோசே ஃபெர்னாண்டஸ் பார்த்தகாஸ். கியூபாக்காரர், மியாமில இருந்துக்கிட்டு, 19-ம் நூற்றாண்டு நாளிதழ்களையும் கப்பல் குறிப்புகளையும் படிச்சுப் படிச்சு, ஹென்றி டியாஸோட சேர்ந்து 1851-ல இருந்து வந்த புயல்களைத் திரும்பக் கட்டி எழுப்பினார். இன்னைக்கு ஹர்டாட்ல அந்தக் காலத்துக்கு இருக்கிற டேட்டால பெரும்பங்கு அவர் தோண்டினது. எட்வர்ட் ராப்பப்போர்ட் கூட சேர்ந்து 1492-ல இருந்து அதிக உயிரை எடுத்த அட்லாண்டிக் புயல்கள்னு ஒரு பட்டியலும் போட்டார். குறைஞ்சது 25 பேர் செத்த புயல் எல்லாம் அதுல வரும். வெறும் இடம், வருஷம், சாவு எண்ணிக்கைன்னு வரிசையா இருக்கும், பாதி வரிகளுக்கு இன்னும் யாரும் ஒழுங்கா ஒரு கட்டுரை எழுதல. 2020-ல கடல்ல சுத்தின புயலுக்கு எட்டாவது பத்தி எழுதுற நேரத்துல அந்தப் பட்டியலைத் திறந்தா போதும், வேலை கொட்டிக் கிடக்கு.

சரி, சோர்ஸ் கிடைச்சாச்சு, இப்போ முடிவு எப்படி? நான் பாக்குறது ஒண்ணே ஒண்ணு, புயல் போனதுக்கு அப்புறம் என்ன நடந்துச்சுன்னு எழுத முடியுதா. புயல் வந்த பாதையை யாரு வேணா எழுதிடலாம், சேதத்தையும் எழுதிடலாம், கூரை போச்சு, கரண்ட் போச்சு, வாழை சாஞ்சுச்சுன்னு. ஒரு மாசம் கழிச்சு, அஞ்சு வருஷம் கழிச்சு யாராவது அதைப் பத்தி எழுதியிருக்காங்களா? 1961-ல ஹாட்டி ஹரிக்கேன் பெலிஸ் சிட்டியை நாசம் பண்ணினப்புறம் அந்த நாட்டுக்காரங்க தலைநகரையே உள்ள தள்ளி பெல்மோப்பான்னு புதுசா கட்டி 1970-ல மாத்திட்டாங்க, வீடு இழந்தவங்களைக் குடிவெச்ச இடத்துக்கு ஹாட்டிவில்னே பேர். 1899-ல சான் சிரியாக்கோ ஹரிக்கேன் புயேர்ட்டோ ரிக்கோவோட காப்பித் தோட்டங்களை அழிச்சப்போ அந்தத் தீவு அமெரிக்கா கைக்கு வந்து ஒரு வருஷம் கூட சரியா ஆகல, அடுத்த ரெண்டு வருஷத்துல 5,000 பேருக்கு மேல கரும்புத் தோட்ட வேலைக்குன்னு ஹவாய்க்குக் கப்பல் ஏறினாங்க, அவங்க வம்சம் இன்னும் அங்க இருக்கு. 1954-ல ஹேசல் டொராண்டோ வரைக்கும் போய் கனடால 81 பேரைக் கொன்னப்புறம்தான் ஆத்தங்கரையில வீடு கட்டக் கூடாதுன்னு அங்க கண்டிப்பாச்சு, அந்த இடமெல்லாம் இப்போ பார்க். அதே ஹேசல் ஹைட்டியிலயும் நூத்துக்கணக்குல கொன்னுச்சு, அந்தப் பகுதியை ரெண்டு பத்தியில முடிச்சிருக்காங்கன்னா அது புயலோட குத்தம் இல்ல. ஒக்கீச்சோபி ஏரியைச் சுத்தி இன்னைக்கு நிக்கிற ஹெர்பர்ட் ஹூவர் அணைக்கரையும் 1928-ஆல வந்ததுதான்.

இப்படி ஏதாவது ஒண்ணு, சட்டமோ கேஸோ குடிபெயர்ச்சியோ ஒரு ஆராய்ச்சியோ இருந்துச்சுன்னா சீசன் கட்டுரை தாங்காது, தனியாத்தான் போகணும். இல்லைன்னா சீசன் கட்டுரையிலயே நல்லா எழுதுங்க, நல்ல ஒரு பத்தி மோசமான ஒரு கட்டுரையை விட எவ்வளவோ மேல்.

விவாதம் நடக்கிற விதத்தைப் பத்தி ரொம்ப சொல்ல வேண்டாம். நீக்கல் விவாதம்னா ஏழு நாள் ஓடும், மெர்ஜ்னா உரையாடல் பக்கத்துல இழுத்துக்கிட்டே கிடக்கும். தலையை எண்ணி முடிவு பண்ண மாட்டாங்க, யார் சொன்ன காரணம் நிக்குதுன்னு பாப்பாங்க, குறைஞ்சபட்சம் அப்படித்தான் விதி. "அந்தப் புயலுக்கு இருக்கே, இதுக்கு ஏன் இல்ல"ங்கிற வாதம் செல்லாது, ஏன்னா அந்தப் புயலோட கட்டுரையே இருக்கக் கூடாததா இருக்கலாம். "எங்க தாத்தா அந்தப் புயலைப் பத்தி சொல்லுவார்"ங்கிறதும் செல்லாது, அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

எல்லாத்தையும் சொல்லிட்டு என்னால இன்னும் ஒரு பக்கம் சாய முடியாத ஒண்ணு இருக்கு. 1857 செப்டம்பர்ல எஸ்.எஸ். சென்ட்ரல் அமெரிக்கான்னு ஒரு நீராவிக் கப்பல், கலிபோர்னியாத் தங்கத்தை டன் கணக்குல ஏத்திக்கிட்டு பனாமால இருந்து ஹவானா வழியா நியூயார்க் போயிட்டு இருந்தப்போ கரோலினாக் கரைக்கு அப்பால ஹரிக்கேன்ல சிக்கி 12-ம் தேதி முங்கிருச்சு, 425 பேர் செத்தாங்க. தங்கம் வந்து சேராததால அந்த வருஷம் ஏற்கனவே ஆடிட்டு இருந்த அமெரிக்க பேங்குகளோட பீதி இன்னும் அதிகமாச்சு. கப்பலை 1988-ல கண்டுபிடிச்சாங்க, அப்புறம் தங்கம் யாருக்குன்னு கோர்ட் கேஸ் வருஷக்கணக்கா. இவ்வளவும் கப்பலோட கதை, கப்பலுக்குக் கட்டுரை இருக்கு. புயலுக்கு? ஒரு விஷயத்தோட புகழ் பக்கத்துல இருக்கிற இன்னொண்ணுக்கு ஒட்டாதுன்னு விதி இருக்கு, அதைப் பிடிச்சா புயலுக்கு சீசன் கட்டுரைதான். இன்னொரு பக்கம் பாத்தா அந்தப் புயல் இல்லாம இதுல எதுவுமே நடக்கல, 2015-ல எல் ஃபாரோ கப்பல் 33 பேரோட முங்கினப்போ வாக்கீன் ஹரிக்கேனையும் சேர்த்துத்தான் எல்லாரும் பேசினாங்க, ஆனா வாக்கீன் பஹாமாஸையும் போட்டு அடிச்சுது, அதனால அதுக்குத் தனியா நிக்க வேற காலும் இருந்துச்சு. 1857 புயல் கரையில என்ன பண்ணுச்சுங்கிறதுதான் எனக்கு வேணும். அந்த வாரத்துல வில்மிங்டன்லயும் நார்ஃபோக்லயும் வந்த பேப்பர்ங்க, துறைமுகத்துக்கு உடைஞ்சு வந்து சேர்ந்த மத்த கப்பல்களோட கேப்டன்கள் சொன்னது, இதுல இருந்து கப்பல் கதையைத் தொடாம நாலு பத்தி யாராவது தேத்திட்டாங்கன்னா தனிக் கட்டுரைக்கு என் ஓட்டு. அது வரைக்கும் வழிமாற்று சீசன் பக்கத்துக்கே போகட்டும்.